புது வண்டி வசக்குறது

நேத்து சாயங்காலம் எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

அக்கா மகன் புது பைக் எடுத்திருக்கான். மொதல் வண்டி. கோவில்பட்டியில எடுத்து, செண்பகவல்லி அம்மன் கோயில் வாசல்ல பூஜை போட்டு, ரெண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி, நேரா மணியாச்சிக்குக் கொண்டாந்துட்டான். நான் வேலை முடிச்சு அக்கா வீட்டுக்குப் போறேன். வேப்பமரத்தடியில வண்டி சென்டர் ஸ்டாண்ட்ல நிக்குது. இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. பக்கத்துல ஆளைக் காணோம்.

கிட்ட போனா அனல் முகத்துல அடிக்குது.

"ஏல மாப்ள, என்னல பண்ணிக்கிட்டிருக்க?"

உள்ள இருந்து சட்டையை மாட்டிக்கிட்டே வாரான். "இன்ஜின் செட் ஆகணும்ல மாமா. டீக்கடையில சொன்னாங்க. மூணு மணி நேரம் ஸ்டாண்ட் போட்டு ஓட விட்டா ரிங் நல்லா உக்காந்துருமாம். ஒண்ணே முக்கா மணி நேரம் ஆயிருச்சு."

சாவியைத் திருகி அணைச்சேன். பேசல. இன்ஜின் மேல கைய நீட்டினேன், தொட முடியல. பாவம், அவன் மேல தப்பில்ல. ஒரு லட்சத்துக்கு மேல கடன் போட்டு வாங்கின வண்டி, நல்லா இருக்கணும்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கான். கோவமெல்லாம் அந்த யோசனை மேல. முப்பது வருசமா அது சாகாம டீக்கடைக்கு டீக்கடை சுத்திக்கிட்டிருக்கு.

அது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஏன்னா நானே அதுல மாட்டினவன்.

1998-ல சித்தப்பா ஒரு பழைய ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி வச்சிருந்தாரு. சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டு வந்துச்சு. (அந்தக் காலத்துல வண்டினு இருந்தா போர் பண்ணாத ஆளே கெடையாது.) மெக்கானிக் சொன்னபடி திண்ணையில ஒரு டேபிள் ஃபேனை வச்சு, வண்டியை ஸ்டாண்ட் போட்டு, அரை நாள் ஓட விட்டோம். தெருவே புகை. சாயங்காலம் சித்தப்பா என்னைப் பின்னாடி ஏத்திக்கிட்டு கடம்பூருக்குக் கெளம்பினாரு. போளி வாங்க. 'இன்ஜின் செட் ஆயிருச்சு'ங்கற நம்பிக்கையில நல்லா முறுக்கினாரு. ஊருக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு முன்னாடி பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. பிஸ்டன் சீஸ். நல்லவேளை, சித்தப்பாவுக்குக் கை பழக்கம், டக்னு கிளட்சைப் பிடிச்சிட்டாரு. ரோட்டோரக் கரிசல்ல போய் நின்னோம்.

அரை நாள் ஓடுன இன்ஜின் கொஞ்ச நேர ஓட்டத்துல ஏன் பிடிச்சுது? இந்தக் கேள்வி பல வருசம் எனக்குள்ள கெடந்துச்சு.

விசயம் இதான். பிஸ்டன் அலுமினியம். அன்னைக்கு சிலிண்டர் சுவரு வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ஒரு தலைமுடி அளவுதான், அதுகூட இருக்காது. நின்ன எடத்துல பொறுமையா ஓடும்போது அந்த இன்ஜின் எந்தப் பாரத்தையும் இழுக்கல. பிஸ்டனைச் சுத்தியிருக்குற ரிங்கும் சுவரும் ஒண்ணுக்கொண்ணு பழகல. சும்மா வெந்துக்கிட்டு இருந்துச்சு. மொதல் தடவையா ரெண்டு ஆளு ஏறி முறுக்கினதும் சூடு குபீர்னு ஏறி, விரிஞ்சு, கவ்விருச்சு.

எங்க தாத்தா இதைக் கேட்டுட்டு ஒண்ணு சொன்னாரு. "காளையைக் கட்டுத்தறியில நிக்க வச்சே வசக்கிற முடியுமாடா?"

வசக்குறது. கரிசக்காட்டுல பெறந்தவங்களுக்கு இந்த வார்த்தைக்கு விளக்கம் வேணாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். எளங்காளையை ஏருக்கும் வண்டிக்கும் பழக்கி எடுக்குறதுக்குப் பேரு வசக்குறது. முள்ளும் கல்லுமா கெடக்குற தரிசை வெட்டித் திருத்தி வெள்ளாமைக்குக் கொண்டாறதுக்கும் அதே வார்த்தைதான். காளையை மொத நாளே பாரவண்டியில பூட்ட மாட்டாங்க. பழகுன மாட்டுக்கு ஜோடியா நுகத்துல பூட்டி, ஒரு மரக்கட்டையை இழுக்க விடுவாங்க. கொஞ்ச தூரம் நடை, கொஞ்சம் ஓட்டம், அப்புறம் அவுத்து விட்டு நெழல்ல கட்டித் தண்ணி காட்டுவாங்க. அப்புறம் வெறும் வண்டி. அப்புறம் அரைப் பாரம். அடிச்சு ஓட்டினா மாடு மெரண்டு போகும். இழுக்க விடாம வச்சிருந்தா சோம்பல் மாடா, நடுக்காட்டுல படுத்துக்கும்.

'ரன்னிங் இன்'னு சொல்றாங்க, 'பிரேக் இன்'னு சொல்றாங்க. எனக்கு வசக்குறதுதான் சரியா படுது. முழு விசயமும் அந்த ஒத்த வார்த்தைக்குள்ள இருக்கு.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம்.

புது சிலிண்டரோட உள்சுவரு வழவழன்னு இருக்கும்னுதான எல்லாரும் நெனைக்கிறோம்? இல்ல. கம்பெனியிலயே ஹோனிங் கல்லை விட்டு, குறுக்கும் மறுக்குமா கண்ணுக்குத் தெரியுற மாதிரி மெல்லிய கோடு போட்டுத்தான் அனுப்புவாங்க. ஏன் தெரியுமா? நாம கோடை உழவு எதுக்கு ஓட்டுறோம்? ஒரு சால் ஓட்டிட்டு, மறுக்கா குறுக்க ஓட்டுறோம். மழை பெஞ்சா தண்ணி ஓடிப் போயிராம அந்தச் சாலுக்குள்ள நின்னு மண்ணுக்குள்ள எறங்கணும்னுதான? அதே கதைதான். அந்தக் கோட்டுக்குள்ள ஆயில் நிக்கும். ரிங் மேலயும் கீழயும் போயிட்டு வர்றப்போ அந்த ஈரத்துலதான் வழுக்கிக்கிட்டுப் போகும்.

கோட்டோட மேல் நுனியெல்லாம் கரடுமுரடா இருக்கும். ரிங்கும் சுவரும் ஒண்ணையொண்ணு தேச்சு, அந்த நுனி மட்டும் மழுங்கணும். அடியில சால் அப்படியே இருக்கணும். இதுதான் ரிங் 'உக்கார்றது'. நல்லா உக்காந்தா மேல வெடிக்கிற காத்து கீழ கசியாது, கீழ இருக்குற ஆயில் மேல ஏறாது. இழுவை, மைலேஜ், ஆயுசு எல்லாம் அதுலதான் இருக்கு.

இப்போ முக்கியமான எடம். ரிங்கைச் சுவத்தோட அழுத்திப் பிடிக்கிறது அதோட ஸ்பிரிங் பலம் மட்டும் இல்ல. பெட்ரோல் வெடிச்ச அழுத்தம் ரிங்குக்குப் பின்னாடி இருக்குற காடிக்குள்ள பூந்து, அதை வெளியே தள்ளுது. ஆக்சிலேட்டர் குடுத்து, இன்ஜின் பாரம் இழுத்தாத்தான் அந்த அழுத்தம் வரும். ஸ்டாண்ட் போட்டு ஓட விட்டா வராது. அதோட, காத்துல குளிர்ற இன்ஜினுக்கு நின்ன எடத்துல காத்தும் கெடையாது. நேத்து நான் பதறுனதுக்குக் காரணம் இதான்.

ஒரு கணக்கு சொல்றேன், ஆச்சரியமா இருக்கும். ஸ்ப்ளெண்டர் மாதிரி 97.2 சிசி வண்டியில பிஸ்டன் ஒரு தடவை மேல இருந்து கீழ வர்ற தூரம் 49.5 மில்லிமீட்டர். நிமிசத்துக்கு 5,000 சுத்துல ஓடுதுன்னா, அந்தப் பிஸ்டன் ஒரு நிமிசத்துல அரை கிலோமீட்டர் தேய்ச்சிருக்கும். மொதல் அம்பது, நூறு கிலோமீட்டர்லயே எவ்வளவு தேய்மானம் நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் கரடெல்லாம் மழுங்குறதுக்குள்ள ரிங் ஒழுங்கா உக்காந்துரணும். அப்புறம் உக்கார வைக்க எதுவும் மிச்சம் இருக்காது.

எனக்கு இதைக் கத்துக் குடுத்தது 2011-ல நான் எடுத்த வண்டி.

அப்போ நான் எதிர்ப்பக்கம் போயிட்டேன். சித்தப்பா வண்டி சீஸ் ஆன பயம் உள்ள இருந்துச்சு. வயசானவங்க எல்லாரும் ஒரே குரல்ல "நாப்பதைத் தாண்டாத, ரெண்டாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் தாண்டவே தாண்டாத"ன்னாங்க. கயத்தாறுல நாலு வழிச்சாலை ஏறி, டாப் கியர்ல போட்டு, நாப்பதுல முள்ளை நிறுத்தி, திருநெல்வேலி வரைக்கும் ஒரே சீரா போவேன். அதே மாதிரி திரும்பி வருவேன். ஒரு வாரம் மதுரை வரைக்கும்கூட அப்படியே போனேன். லாரியெல்லாம் ஹாரன் அடிச்சுட்டுப் போகும். நான் அசையல.

எட்டாயிரம் கிலோமீட்டர்ல காலையில ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர் ஆயில் காணாமப் போகுது. கோவில்பட்டியில ஒரு வயசான மெக்கானிக் ஹெட்டை இறக்கிக் காட்டுனாரு. சுவரு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. நான் சந்தோசமா "நல்லாத்தான இருக்கு?"ன்னேன். அவரு நகத்தால சுரண்டிக் காட்டினாரு. "இது பளபளப்பு இல்ல தம்பி. ஆயில் தீஞ்சு படிஞ்சிருக்கு. சாலெல்லாம் மூடிருச்சு. ரிங்கு உக்காரவே இல்ல."

மறுபடி ஹோனிங் போட்டு, புது ரிங் போட்டு, ஹாஃப் இன்ஜின் வேலை. அன்னைக்குத்தான் புரிஞ்சுது. பயந்து ஓட்டுறதும் தப்பு.

வயசானவங்க சொன்னது அவங்க காலத்துக்குச் சரி. 1955-ல என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூர்ல புல்லட் செஞ்ச காலத்து இன்ஜின் வார்ப்பிரும்புச் சிலிண்டர். கடைசல் வேலை இன்னைக்கு மாதிரி நுணுக்கம் கெடையாது, ஆயிலும் இன்னைக்கு மாதிரி கெடையாது. ஆயிரம், ரெண்டாயிரம் கிலோமீட்டர் பொத்திப் பொத்தித்தான் ஓட்டணும். இங்கிலாந்துல புதுக் கார் வாங்குனவங்க பின்கண்ணாடியில 'புது இன்ஜின், தாண்டிப் போங்க'ன்னு அட்டை ஒட்டிக்கிட்டு ஓட்டுவாங்களாம். இப்போ ஓசூர்லயும் ஒரகடத்துலயும் வெளிய வர்ற வண்டி வேற ரகம். ஆனா அறிவுரை மட்டும் பழைய புல்லட் காலத்துலயே நிக்குது.

இன்னொரு கூட்டம் இருக்கு. 'ஹார்ட் பிரேக் இன்'. அமெரிக்கப் பந்தயக்காரங்க கிட்ட இருந்து வந்தது. மொதல் அரை மணி நேரத்துலயே நல்லா முறுக்கி, நல்லா விட்டு, மறுபடி முறுக்கு, ரிங் அப்பவே உக்காந்துரும்ங்கறாங்க. அவங்க சொல்ற காரணத்துல உண்மை இருக்கு, அதை மறுக்க மாட்டேன். வெடிப்பு அழுத்தம்தான் ரிங்கை உக்கார வைக்குது. ஆனா பந்தயக்காரன் வாரத்துக்கு ஒருக்கா இன்ஜினைப் பிரிப்பான். நம்ம பையன் பதினஞ்சு வருசம் ஓட்டணும். அதுக்கு மேல, புது டயரு வழுக்கும். புது பிரேக் பேடு இன்னும் டிஸ்க்கோட பழகியிருக்காது. கையும் புதுசு. அந்த நெலமையில முழு முறுக்கு முறுக்குனா இன்ஜின் உக்காரும், ஆளு எந்திரிக்க மாட்டான். நான் அவங்க கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. 'ஏத்தி எறக்கு.' வேகம் அவங்களோடது வேணாம்.

நேத்து ராத்திரி அவனை உக்கார வச்சு சொன்னது அப்படியே தர்றேன்.

"மாப்ள, வண்டி கூட குடுத்த புத்தகத்தை மொதல்ல எடு. யார் சொல்றதையும் கேக்காத, என்னையும் சேத்து. அதுல முதல் 500 கிலோமீட்டருக்கு என்ன போட்டிருக்கோ அதுதான் எல்லை."

அந்த எல்லைக்குள்ள எப்படி ஓட்டணும்ங்கறதுதான் வசக்குறது.

காலையில ஸ்டார்ட் பண்ணதும் முறுக்காத. ஒரு நிமிசம், ஆயில் மேல ஏறட்டும், அவ்வளவு போதும். கெளம்பிரு. மெதுவா போனபடி சூடாகட்டும். மொதல் நாள் கொஞ்சம் தீஞ்ச வாசம் வரும், சைலன்சர்ல இருக்குற எண்ணெயும் பெயின்டும்தான், பயப்படாத. இருபது நிமிசம் ஓட்டு, நிறுத்து, நல்லா ஆறட்டும். மறுபடி எடு. சூடாகி ஆறி, சூடாகி ஆறித்தான் எல்லா உலோகமும் அதது எடத்துல உக்காரும்.

ஒரே வேகத்துல போகாத. முப்பது, நாப்பது, நாப்பத்தஞ்சு, திரும்ப முப்பது. பாதி முறுக்கு குடுத்து ஏத்து, கைய விட்டு தானா எறங்க விடு. கைய விடும்போது உள்ள உறிஞ்சுற இழுப்புல ஆயில் மேல ஏறி, தேஞ்ச பொடியைக் கழுவிட்டுப் போகும். நாலு வழிச்சாலை பக்கமே போகாத. ஊடு ரோடுதான் உனக்குப் பள்ளிக்கூடம். வளைவு, வேகத்தடை, ஆட்டுக் கிடை, கெணத்தடி மேடு. எல்லாமே உன்னை கியர் மாத்த வைக்கும். அதான் வேணும்.

டாப் கியர்ல போட்டு இருபத்தஞ்சுல உருட்டாத. வண்டி திக்கித் திக்கி குலுங்கும் பாரு, அது இன்ஜினுக்கு வலிக்குதுன்னு அர்த்தம். கியரைக் கொறை. நெறைய பேரு மைலேஜுக்காக இதைத்தான் செய்யுறாங்க. வேகமா ஓட்டுறதை விட இது கெடுதல்.

500 வரைக்கும் மூட்டை ஏத்தாத. பருத்திக்கொட்டை வாங்கணும்னா என் வண்டியை எடுத்துட்டுப் போ.

இங்க ஒரு சந்தேகம் கேட்டான், நல்ல சந்தேகம். "மலையேறுனா நல்லா பாரம் இழுக்கும்ங்கறாங்களே மாமா, நம்ம ஊர்ல எங்க மேடு இருக்கு?"

ஆமா. கரிசக்காடு தட்டையா விரிச்ச ஜமுக்காளம். ரயில்வே மேம்பாலம்தான் நமக்கு மலை. ஆனா நமக்கு வேற ஒண்ணு இருக்கு. காத்து! செங்கோட்டைக் கணவாய் வழியா பூந்து வர்ற ஆடிக்காத்து. கயத்தாறைச் சுத்தி அத்தனை காத்தாடி நட்டிருக்காங்களே, சும்மாவா? கடம்பூர்ல இருந்து கயத்தாறு பாத்து மேற்க போனா, நாப்பதுல போறதுக்கே வண்டி அறுபதுக்கு இழுக்குற மாதிரி இழுக்கணும். திரும்பி வரும்போது காத்தே தள்ளிட்டு வரும், இன்ஜினுக்கு ஓய்வு. போகும்போது பாரம், வரும்போது ஆறுதல். வேகம் எல்லையைத் தாண்டாமலே ரிங்குக்கு வேலை கெடைக்குது. இப்போ வச்சிருக்குற வண்டியை நான் இப்படித்தான் வசக்கினேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, பத்து நாளு. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு ஆயில் மாத்துக்கு நடுவுல ஒரு சொட்டு ஊத்துனது கெடையாது.

ரயில்வே கேட் போட்டா அணைச்சிரு. இதை மணியாச்சிக்காரங்க மனசுல வச்சுக்கணும். நம்ம ஊரு பேரே காத்துக் கெடக்குறதுலதான் சரித்திரத்துல ஏறிச்சு. 1911 ஜூன் 17 காலையில கலெக்டர் ஆஷ் துரையோட பெட்டி நம்ம ஜங்ஷன்ல நின்னது போட் மெயில் ரயிலுக்காகத்தான். வாஞ்சிநாதன் அவரைச் சுட வந்தது அந்தக் காத்திருப்புக்குள்ள. இன்னைக்கும் தூத்துக்குடி லைன், நெல்லை லைன், மதுரை லைன்னு மூணு பக்கமும் வண்டி வந்துக்கிட்டே இருக்கு. சித்திரை வெயில்ல புது இன்ஜினை கேட்ல உறும விட்டுக்கிட்டு நிக்காதீங்க.

கரிசலுக்குன்னே ரெண்டு விசயம். ஐப்பசி மழையில நம்ம மண்ணு மாவு மாதிரி சக்கரத்துல அப்பும். மட்கார்டுக்குள்ள அடைஞ்சு முன்சக்கரம் சுத்தாது. அந்த நேரத்துல இன்ஜினைப் போட்டு அலற விடாதீங்க. எறங்கி, ஒரு குச்சியால நோண்டி விட்டுட்டு எடுங்க. அதே மண்ணு இன்ஜின் ஃபின்னுக்கு நடுவுல காஞ்சு போச்சுன்னா காத்து படாது, சூடு வெளிய போகாது. அன்னைக்கே கழுவிரணும் (இன்ஜின் ஆறுனதுக்கு அப்புறம்). கோடையில தூசி. ஏர் ஃபில்டரை அடிக்கடி பாக்கணும். 'சவுண்ட் நல்லா வரும்'னு ஃபில்டரைக் கழத்துற பசங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். உக்காந்துக்கிட்டிருக்குற ரிங்குக்கும் சுவருக்கும் நடுவுல அந்தத் தூசி போறது, பால் குடிக்கிற புள்ளைக்கு மண்ணை ஊட்டுற மாதிரி.

அடுத்து ஆயில். மொதல் சர்வீஸை ஒரு நாள்கூட தள்ளாதீங்க. தேஞ்ச உலோகப் பொடி எல்லாம் அந்த மொதல் ஆயில்லதான் மெதந்துக்கிட்டு இருக்கும். ஒரு தடவை ஒரு சர்வீஸ் சென்டர்ல "ஆயில் நல்லாத்தான் சார் இருக்கு, ரெண்டாவது சர்வீஸ்ல மாத்திக்கலாம்"னாங்க. நான் நகரல. கண்ணு முன்னாடி எறக்கச் சொன்னேன். தட்டை வெயில்ல கொண்டு போய் சாச்சுப் பாத்தா, ஜிகினாத் தூள் போட்ட மாதிரி மினுமினுங்குது. அங்க இருந்த பையனே வாயடைச்சுப் போனான். புது ஆயில் புத்தகத்துல போட்ட கிரேடுதானான்னு டப்பாவைப் பாருங்க. ஜாசோ எம்ஏ, இல்லாட்டி எம்ஏ2ன்னு எழுதியிருக்கணும். பைக்குல கிளட்சும் அதே ஆயில்லதான் ஊறிக்கிட்டு இருக்கு. 'உயர்ந்த ஆயில்'னு கார் ஆயிலை ஊத்துனா கிளட்ச் வழுக்கும். அதே நாள் செயினையும் பாக்கச் சொல்லுங்க, புதுச் செயின் தொவண்டிருக்கும்.

500 முடிஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். அஞ்சு அஞ்சு கிலோமீட்டரா. ஆயிரத்தைத் தாண்டுனா ரெண்டு ஆளா கழுகுமலை போயிட்டு வரலாம். ஆயிரத்து ஐநூறு, ரெண்டாயிரத்துல வண்டியே சொல்லும். சத்தம் மாறும். மொதல்ல இருந்த ஒரு இறுக்கமான மொனகல் போயி, தறி ஓடுற மாதிரி சீரா வரும். அதைக் காதால கேட்டவங்களுக்குத் தெரியும் நான் என்ன சொல்றேன்னு.

இவ்வளவையும் சொல்லி முடிச்சதும் அவன் முகம் வாடிப் போச்சு. "அப்போ நான் வண்டியைக் கெடுத்துட்டேனா மாமா?"

இல்லன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். ஒண்ணே முக்கா மணி நேரத்துல இன்ஜின் செத்துராது. இன்னும் உக்கார வேண்டியது நெறைய மிச்சம் இருக்கு.

இன்னைக்குக் காலையில அஞ்சரை மணிக்கே வாசல்ல வந்து ஹாரன் அடிக்கான். ஹெல்மெட்டைப் போட்டுட்டு நான் என் வண்டியில முன்னாடி, அவன் பின்னாடி. பழகுன மாடும் எளங்காளையும் மாதிரி. ஊடு ரோட்டுல உளுந்துக்காட்டுக்கு நடுவுல பனி எறங்கிக் கெடக்கு. நான் கைய ஒசத்துனா ஏத்தணும், தாழ்த்துனா விடணும். மொதல் பத்து கிலோமீட்டர் தடுமாறுனான். அப்புறம் நான் கை காட்டாமலே பின்னாடி இருந்து சத்தம் ஏறி எறங்கி வருது.

கடம்பூர்ல நிறுத்தினோம். ரெண்டு வண்டியும் நெழல்ல நிக்குது. புது இன்ஜின் ஆறும்போது 'டிக், டிக்'னு உலோகம் சுருங்குற சத்தம். அவன் குனிஞ்சு காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டே நிக்கான்.

"ஏல, போளி ஆறுது," ன்னேன்.

"இருங்க மாமா, இது ஆறட்டும்."

மீட்டர்ல 61 கிலோமீட்டர்.